தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட வீட்டுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன்: மண் அறிக்கை முதல் ஸ்லாப் கான்கிரீட் வரை

படிப்பை முடித்து, ஈடேப்ஸ் அல்லது ஸ்டாட் ப்ரோ போன்ற டிசைன் மென்பொருளில் ஓரளவு கைபழகி, முதன்முறையாக ஒரு வீட்டுக்குத் தாமே டிசைன் செய்யப்போகும் பொறியாளர்களுக்காக இது எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, சென்னைப் புறநகரில் 30 × 40 அடி மனையில் எழும் கான்கிரீட் சட்டக வீடு ஒன்றைக் கொள்வோம். புதியவர்களைச் சூத்திரங்கள் அவ்வளவாகத் தடுமாற வைப்பதில்லை. வேலையின் வரிசைதான் தடுமாற வைக்கிறது. ஆர்க்கிடெக்டிடமிருந்து பிளான் வந்த அன்றே மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் மென்பொருள் ஐந்தாவதாகத்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவுகள் முழுமையாகக் குறிக்கப்பட்ட பிளான், மனையின் எல்லை அளவு, பக்கத்துக் கட்டடங்கள் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளியுள்ளன என்ற குறிப்பு, மண் பரிசோதனை அறிக்கை ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்க வேண்டாம். இந்தியத் தர ஆவணங்களில் ஐ.எஸ். 456 (கான்கிரீட்), ஐ.எஸ். 875-இன் முதல் மூன்று பகுதிகள் (நிலைச்சுமை, பயன்பாட்டுச் சுமை, காற்று), ஐ.எஸ். 1893 (நிலநடுக்கச் சுமை), ஐ.எஸ். 13920 (நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி அமைப்பு) ஆகியவற்றின் நடப்புப் பதிப்புகளும் திருத்தங்களும் வேண்டும். கம்பி விவரங்களுக்கு எஸ்.பி. 34 கைவசம் இருந்தால் வேலை எளிதாகும்.

வீட்டு உரிமையாளரிடம் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பின்னாளில் இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் உண்டா? மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர், எந்த மூலையில்? தரைக்கடியில் சம்ப் எங்கே? மொட்டை மாடியில் தோட்டமோ தகரக் கூரையோ வருமா? 2,000 லிட்டர் தண்ணீர் என்பது 2 டன் எடை. அது தூண்களின் மேல் நிற்பதும் ஸ்லாபின் நடுவே நிற்பதும் ஒன்றல்ல.

இவற்றைக் கொண்டு ஒரே பக்கத்தில் டிசைன் அடிப்படைக் குறிப்பு ஒன்றை எழுதிவிடுங்கள். கான்கிரீட் தரம், கம்பியின் தரம், கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்), மண்ணின் தாங்குதிறன், எடுத்துக்கொண்ட எடைகள், நிலநடுக்க மண்டலம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஐ.எஸ். 1893-இன் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது, ஆகவே ஐ.எஸ். 13920-இன் விதிகள் சிறிய வீட்டுக்கும் பொருந்தும். "இரண்டு மாடி வீட்டுக்கு எதற்கு நிலநடுக்கக் கணக்கு?" என்று மேஸ்திரி கேட்கும்போது காட்டுவதற்கு இந்தப் பக்கம் உதவும்.

2. மண் அறிக்கையைப் படித்தல்

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உள்ள தாங்குதிறன் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடி வைப்பது பரவலான பழக்கம். அந்த எண் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கும், ஒரு குறிப்பிட்ட ஃபூட்டிங் (தூணின் அடியில் எடையை மண்ணில் பரப்பும் கான்கிரீட் அடித்தளம்) அகலத்துக்கும், ஏற்றுக்கொண்ட ஓர் அமிழ்வு அளவுக்கும் உரியது. 1.5 மீட்டர் ஆழத்துக்குச் சொல்லப்பட்ட எண்ணை, "பாறை மாதிரி இருக்கிறது சார்" என்ற சொல்லை நம்பி 1 மீட்டரில் பயன்படுத்தக் கூடாது.

துளையிட்ட இடங்களின் மண் அடுக்குப் பட்டியலைப் பாருங்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும்போது, கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்பதே அதில் உள்ள 'என்' மதிப்பு. ஃபூட்டிங் உட்காரும் அடுக்குக்குக் கீழே 'என்' மதிப்பு திடீரென்று குறைந்தால், மேலே உறுதியான மண் இருப்பதாக ஏமாந்துவிட வாய்ப்புண்டு.

சோதனை நடந்த மாதத்தையும் கவனியுங்கள். மே மாதத்தில் துளையிட்டு "நீர்மட்டம் தென்படவில்லை" என்று எழுதியிருந்தால், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நிலைமை வேறாகும். மணற்பாங்கான மண்ணில் நீர்மட்டம் ஃபூட்டிங்கின் அடிவரை உயர்ந்தால் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும். அறிக்கை தந்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அவரும் கேள்வியை எதிர்பார்ப்பவர்தான். கரிசல் மண் என்றால் தனி ஃபூட்டிங்கை மறந்துவிட்டு, அண்டர் ரீம்டு பைல் (அடிப்பகுதி குமிழாக விரிந்த ஆழமான கான்கிரீட் பைல்) பற்றி முதல் நாளிலேயே பேச வேண்டும்.

3. தூண்களின் இடம்

மூன்று மாடிப் பிளானையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, மேலிருந்து கீழ்வரை தடையின்றி இறங்கக்கூடிய புள்ளிகளில் மட்டும் தூண் குறியுங்கள். தரைத்தளத்தில் கார் நிறுத்துவதற்காக ஒரு தூணை நீக்கி, அதே இடத்தில் முதல் மாடியில் பீமின் மேல் தூண் எழுப்பும் யோசனை எப்படியும் வரும். அதை இந்தக் கட்டத்திலேயே மறுத்துவிடுங்கள். வாஸ்துவுக்காக ஓர் அறையை அரை அடி நகர்த்தும் பேச்சும் இப்போதே முடிய வேண்டும். கம்பி கட்டிய பிறகு மறுப்பது நடக்காத காரியம்.

தரைத்தளத்தைச் சுவரின்றி வாகனத்துக்காகத் திறந்து வைப்பதிலும் எச்சரிக்கை தேவை. மேல் மாடிகள் செங்கற்சுவரால் விறைப்பாக இருக்க, கீழ்த்தளத் தூண்கள் மட்டும் அசைவு முழுவதையும் தாங்க நேரிடும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்த அகமதாபாத்தில்கூடக் கீழ்த்தளம் திறந்த அடுக்குமாடிகள் பல இடிந்து விழுந்தன.

எல்லைக்கோட்டை ஒட்டிய தூண்கள் நம் ஊர் மனைகளுக்கே உரிய சிக்கல். ஃபூட்டிங் பக்கத்து மனைக்குள் நீள முடியாததால் தூண் அதன் ஓரத்தில் உட்காரும். எடை நடுவில் இறங்காமல் ஃபூட்டிங்கைச் சாய்க்கப் பார்க்கும். அந்தத் தூணை உள்தூணோடு ஸ்ட்ராப் பீமாலோ (இரு ஃபூட்டிங்குகளைப் பிணைக்கும் பீம்) கூட்டு ஃபூட்டிங்காலோ இணைக்க வேண்டும்.

சம்ப்பின் இடமும் இங்கேயே முடிவாக வேண்டும். ஈசானிய மூலையில்தான் சம்ப் என்று உரிமையாளர் சொல்வார். அந்த மூலையில் ஒரு தூணும் இருக்கும். ஃபூட்டிங் போட்டு முடித்த பிறகு, அதன் அடிமட்டத்தைவிட ஆழமாகப் பக்கத்திலேயே குழி தோண்டினால் ஃபூட்டிங்குக்குக் கீழுள்ள மண் குழிக்குள் சரியும். சம்ப்பை விலக்கி வையுங்கள். இயலாவிட்டால் அந்த மூலை ஃபூட்டிங்கைச் சம்ப்பின் அடிமட்டத்துக்கு இறக்கி, சம்ப் வேலையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.

4. கையால் எடைக் கணக்கு

இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆனாலும் பெரும்பாலோர் தாண்டிச் செல்வது இந்தப் படியைத்தான். நடுத்தூண் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சுற்றி 4 × 3.5 மீட்டர், அதாவது 14 சதுர மீட்டர் பரப்பு அதன்மேல் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

125 மி.மீ. ஸ்லாபின் எடை சதுர மீட்டருக்கு 3.1 கிலோநியூட்டன், தரை பூச்சும் டைல்ஸும் 1.25, குடியிருப்புக்கான பயன்பாட்டு எடை 2.0. கூட்டினால் ஏறத்தாழ 6.4, பரப்பால் பெருக்கினால் 89 கிலோநியூட்டன். ஸ்லாபுக்குக் கீழே தொங்கும் பீம் பகுதிக்கு 12, ஒரு மாடி உயரத் தூணுக்கு 7 சேருங்கள்.

அடுத்தது சுவர். 9 அங்குலச் செங்கற்சுவர் பூச்சோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டனைத் தாண்டும். பீமுக்குக் கீழே 2.6 மீட்டர் உயரத்துக்கு ஓட்ட மீட்டருக்கு 13.4 ஆகும். நாலரை அங்குலச் சுவருக்கு அது 7.4. நம் தூணுக்கு ஒரு திசையில் 4 மீட்டர் 9 அங்குலச் சுவரும், மறு திசையில் 3.5 மீட்டர் நாலரை அங்குலச் சுவரும் வந்தால் மொத்தம் 80 கிலோநியூட்டன். ஒரு மாடியின் கூட்டுத்தொகை 188; அதில் சுவர் மட்டும் 40 விழுக்காட்டுக்கு மேல். மென்பொருளில் சுவர் எடையை ஏற்ற மறந்தவர் எதை மறந்தார் என்பது இப்போது விளங்கும்.

இரண்டு மாடிகளுக்கு 376. மொட்டை மாடியில் சுவர் இல்லை. ஆனால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸும் தட்டோடும் 2.5 வரை எடுக்கும், பயன்பாட்டு எடை 1.5. ஆகவே மேல்தளம் ஏறத்தாழ 118. தரைத்தளச் சுவரும், அதைத் தரைமட்டத்தில் தாங்கும் பிளிந்த் பீமும் 93. மண்ணுக்குள் இருக்கும் தூண் பகுதியையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 600 கிலோநியூட்டன், அதாவது 60 டன்.

தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன் என்று அறிக்கை சொன்னால், ஃபூட்டிங்கின் சொந்த எடைக்குப் பத்து விழுக்காடு கூட்டி 660-ஐ 150-ஆல் வகுக்க, 4.4 சதுர மீட்டர் வருகிறது. 2.1 மீட்டர் சதுர ஃபூட்டிங் போதும். இந்த இடத்தில் 1.5 என்ற பாதுகாப்புக் காரணியால் பெருக்கிய 900-ஐ 150-ஆல் வகுத்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. ஃபூட்டிங்கின் பரப்புக்குக் காரணியில்லாத எடை. அதன் கனத்துக்கும் கம்பிக்கும்தான் காரணியிட்ட எடை.

கழிவறைக்கு ஸ்லாபை ஓர் அடி தாழ்த்தினால், அந்தப் பள்ளத்தை நிரப்பும் செங்கல் துண்டும் மணலும் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டனுக்கு மேல் கூட்டும். இதைத் தனியாக எழுதி வையுங்கள்.

5. மென்பொருள் மாதிரி

இப்போது மென்பொருளைத் திறக்கலாம். மாதிரியை உருவாக்கியதும் நிலநடுக்கச் சுமையைத் தொடாமல், நிலைச்சுமையும் பயன்பாட்டுச் சுமையும் மட்டும் ஏற்றி ஓட்டுங்கள். அடியில் வரும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகையை உங்கள் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விலகினால் காரணம் தெரியும்வரை நகராதீர்கள். ஸ்லாபின் எடையை மென்பொருள் தானாக எடுத்துக்கொண்டிருக்க, நீங்களும் கையால் ஒருமுறை ஏற்றியிருப்பது வழக்கமான காரணம்.

பிறகு பக்கவாட்டுச் சுமைகள். ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு, பீம்களின் விறைப்பை முழு அளவில் 35 விழுக்காடாகவும் தூண்களுக்கு 70 விழுக்காடாகவும் குறைத்து எடுக்கச் சொல்கிறது. விரிசல் விட்ட கான்கிரீட் அவ்வளவு விறைப்பாக இருப்பதில்லை என்பதே காரணம். நிலநடுக்க எடையில் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் வரையிலான பயன்பாட்டுச் சுமையில் கால்பங்கு மட்டும் சேரும், மொட்டை மாடியின் பயன்பாட்டுச் சுமை சேராது. சென்னைக்குக் காற்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். இவ்வளவு தாழ்வான கான்கிரீட் வீட்டில் காற்று பெரும்பாலும் அளவுகளை மாற்றுவதில்லை. மாடியில் பின்னர் போடும் தகரக் கூரைக்குத்தான் அது ஆபத்து.

படிக்கட்டை மாதிரியில் சேர்க்காவிட்டாலும் அதன் எடை தாங்கும் பீமில் இருக்க வேண்டும். கடைசியாகக் கட்டடம் அசையும் வடிவத்தைத் திரையில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு பீம் மட்டும் தனியே ஆடினால் அது எங்கோ இணையாமல் நிற்கிறது.

6. அளவுகளும் கம்பியும்

எடுத்துக்காட்டுத் தூணில் காரணியிட்ட எடை 900 கிலோநியூட்டன். 9 × 12 அங்குலத் தூணில் எம் 25 கான்கிரீட்டும் (எண் அதன் வலிமைத் தரம்) 500 தரக் கம்பியில் 16 மி.மீ. எட்டும் வைத்தால், நேர் எடையாக ஏறத்தாழ 1,200 தாங்கும். அப்படியானால் போதுமே என்று தோன்றும். ஊரெங்கும் 9 அங்குலத் தூண்கள் நிற்பதும் இந்தக் கணக்கின் துணிவில்தான். ஆனால் ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு தூணின் குறைந்தபட்சப் பக்கத்தை 300 மி.மீ. என்கிறது.

அதற்கான காரணத்தைப் பீமும் தூணும் சேரும் சந்திப்பில் காணலாம். எம் 25-இல் 16 மி.மீ. கம்பி முழுப் பிடிப்புப் பெற அதன் விட்டத்தைப்போல் 49 மடங்கு, அதாவது 780 மி.மீ. நீளம் வேண்டும். ஓரத்தூணில் கவர் போக 9 அங்குலத் தூண் தருவது 190 மி.மீ.; மீதி முழுவதையும் வளைத்துத்தான் இறக்க வேண்டும். இரு திசைப் பீம்களின் கம்பிகளும் தூணின் கம்பிகளும் அந்தச் சிறு கூட்டுக்குள் நெருக்கினால் கான்கிரீட் இறங்க இடமிராது. சுவருக்கு வெளியே தூண் மூன்று அங்குலம் துருத்துவதை உரிமையாளர் விரும்பமாட்டார். அலமாரியின் மூலையிலோ வெளிப்பக்கத்திலோ அதை மறைக்க ஆர்க்கிடெக்டோடு உட்கார்ந்து பேசுவது உங்கள் வேலை.

தூண்களுக்கு 40 மி.மீ., ஃபூட்டிங்குக்கு 50 மி.மீ. கவர் குறைந்தபட்சம். கடற்காற்று நேரே படும் இடத்தை ஐ.எஸ். 456 கடுமையான சூழலாகக் கொள்கிறது. அங்கே எம் 30 கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் தேவை. சிக்கனம் கருதிக் கவரைக் குறைப்பவர்களுக்கு, திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் கம்பி துருப்பிடித்து உரிந்து தொங்கும் பால்கனிகளைக் காட்டலாம்.

7. வரைபடம்

கணக்குப் புத்தகத்தைக் கம்பி கட்டுபவர் பார்க்கப்போவதில்லை. அவர் கையில் இருப்பது வரைபடம் மட்டுமே. ஆகவே "ஐ.எஸ். 13920-இன்படி" என்று குறிப்பெழுதித் தப்பிக்காமல், ஒவ்வொன்றையும் வரைந்து காட்டுங்கள்.

தூண் கம்பியின் ஒட்டு (இரு கம்பிகளை அருகருகே சேர்த்து நீட்டும் இடம்) மாடி உயரத்தின் நடுப்பாதியில் வர வேண்டும். ஸ்லாபுக்கு மேலே உடனே ஒட்டுப்போடுவது கம்பி கட்டுபவருக்கு வசதி. ஆனால் நிலநடுக்கத்தில் தூண் அதிகம் வளைவதும் அந்த இடத்தில்தான்.

தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் கொக்கி 135 பாகையில் உள்ளே திரும்பி, குறைந்தது 65 மி.மீ. நீள வேண்டும். 90 பாகையில் விட்டால் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். 300 மி.மீ. தூணில் 16 மி.மீ. கம்பி இருந்தால் மேலும் கீழும் 450 மி.மீ. தொலைவுக்காவது 75 மி.மீ. இடைவெளியில் ரிங் வேண்டும். பீமும் தூணும் சேரும் சந்திப்புக்குள்ளும் ரிங் தொடர வேண்டும். அங்கே மாட்டுவது கடினம் என்பதால் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். பீம் கம்பியை இறக்குவதற்கு முன்பே அந்த ரிங்குகளை மாட்டிவிட வேண்டும் என்று வரைபடத்திலேயே வரிசையை எழுதுங்கள்.

பால்கனியும் சன்ஷேடும் வெளியே நீட்டி நிற்பவை. அவற்றின் முதன்மைக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். அந்தக் கம்பி உள் ஸ்லாபுக்குள் எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்பதை மில்லிமீட்டரில் குறியுங்கள்.

8. பணியிடத்தில் பார்க்க வேண்டிய நேரங்கள்

ஃபூட்டிங் குழி தோண்டியதும், தூணின் முதல் கம்பி நின்றதும், ஒவ்வொரு ஸ்லாபுக்கும் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளும் நேரில் செல்ல வேண்டும். கான்கிரீட் அன்று காலையில் போய்ப் பயனில்லை. தவறு கண்டாலும் நிறுத்த முடியாதபடி வண்டி வாசலில் நிற்கும்.

ஸ்லாப் அன்று கூர்ந்து கவனிக்க வேண்டியது பால்கனி. 150 மி.மீ. கனமுள்ள பால்கனியில் மேல்கம்பி அடிமட்டத்திலிருந்து 120 மி.மீ. உயரத்தில் இருக்கும். பாண்டு சுமப்பவர்கள் அதன்மேல் நடந்து நடந்து அதை 80-க்கு மிதித்து இறக்கிவிட்டால் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேலே கான்கிரீட் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. மேல்கம்பியை உயரத்தில் தாங்கும் சேர் கம்பியை மீட்டருக்கு ஒன்றாவது வைக்கச் சொல்லி, நடப்பதற்குப் பலகை போடச் செய்யுங்கள். கான்கிரீட் பால்கனியை நெருங்கும்போது ஒரு குச்சியை இறக்கி அளந்து பாருங்கள்.

ரெடிமிக்ஸ் வண்டி தாமதமாக வந்தால் ஓட்டுநர் தண்ணீர்க் குழாயைத் திறப்பார். கான்கிரீட்டின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனை செய்யாமல் இறக்க அனுமதிக்க வேண்டாம். 20 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு மூன்று மாதிரிகள், மாதிரிக்கு மூன்று சோதனைக் கட்டிகள் (க்யூப்), ஆக ஒன்பது. எல்லாவற்றையும் முதல் வண்டியிலேயே எடுத்துவிடாமல் வெவ்வேறு வண்டிகளில் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்ட்டுக்கு நீராற்றல் (க்யூரிங்) குறைந்தது 10 நாள் வேண்டும். சென்னை வெயிலில் 14 நாள் வைப்பது நல்லது. ஐ.எஸ். 456 முட்டுக்களை எடுக்கச் சொல்லும் நாட்கணக்கு சாதாரண சிமென்ட்டுக்கானது: 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள். பி.பி.சி.க்கு அதை நீட்டியே சொல்லுங்கள். மேல்மாடி ஸ்லாபைப் போடும்போது கீழ்மாடியின் முட்டுக்கள் நிற்க வேண்டும். பச்சைக் கான்கிரீட்டின் எடை முழுவதும் அவற்றின் வழியேதான் இறங்குகிறது.

9. ஒப்பந்தம், கையொப்பம், கோப்பு

எத்தனை வரைபடம், எத்தனை நேரடிப் பார்வை, பிளான் மாறினால் மறுவேலைக்கு என்ன கட்டணம் என்பவற்றை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பார்வையின் எண்ணிக்கை எழுதப்படாத வேலையில், கட்டணம் தராமலே தினமும் அழைப்பார்கள். அல்லது ஒருமுறைகூட அழைக்கமாட்டார்கள். இரண்டாவதுதான் கவலைக்குரியது.

அனுமதிக்காகத் தரும் வரைபடமும் கட்டுமானத்துக்கான வரைபடமும் வேறு. ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். புதியது வந்ததும் பணியிடத்திலுள்ள பழைய தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கம்பி கட்டும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அந்தப் படம் எந்தத் திருத்தம் என்பது இரண்டு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. தொலைபேசியில் சொன்ன மாற்றத்தை அன்று மாலையே மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, ஸ்ட்ரக்சுரல் பொறியாளர்களின் பதிவையும் பொறுப்பையும் வரையறுக்கிறது. பதிவு பெற்றதும், வேறொருவர் செய்த டிசைனுக்கோ ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கோ கையொப்பம் மட்டும் கேட்டு வருவார்கள். முழுக் கணக்கையும் சரிபார்த்து, கட்டடத்தை நேரில் ஆய்ந்து, அதற்குரிய கட்டணத்தோடு மட்டுமே அந்த வேலையை ஏற்கலாம். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 61 பேர் உயிரிழந்த 11 மாடிக் கட்டட விபத்துக்குப் பிறகு, பொறியாளரின் கையொப்பத்தை வெறும் சடங்காக யாரும் கருதுவதில்லை.

வேலை முடிந்ததும், கட்டியபடியே திருத்திய வரைபடம், மண் அறிக்கை, கட்டிச் சோதனை முடிவுகள் ஆகியவற்றின் ஒரு தொகுப்பை உரிமையாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். ஃபூட்டிங் வரைபடத்தின் தலைப்பிலேயே "தரைத்தளமும் இரண்டு மாடிகளும் மட்டும்" என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். பத்தாண்டு கழித்து மூன்றாவது மாடி எழுப்ப வருகிற பொறியாளர் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.